பெயர் மாறிப்போன ஒரு கிருமியும் சுவாசப்பையின் குடியிருப்பாளர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. இருமல், சளி, முட்டு என்று வீட்டுக்கு வீடு மருந்து எடுக்கும் காலம் இது. ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்.

உங்கள் பிள்ளையின் கிளினிக் காட்டைத் திறந்து பாருங்கள். 2, 4, 6 மாதங்களில் ஏற்றிய பென்டாவேலன்ட் ஊசி ஐந்து நோய்களுக்கு எதிரானது. அந்த ஐந்தில் ஒன்று "ஹிப்". இலங்கையில் 2008ஆம் ஆண்டு அது சேர்க்கப்பட்டது. ஹிப் என்பதன் விரிவு "ஹீமோபிலஸ் இன்ஃபுளுவன்சா வகை பி". பெயரைப் பார்த்தால் இன்ஃபுளுவன்சா காய்ச்சலுக்கு ஏற்றும் ஊசி போல இருக்கும். ஆனால் அந்தக் காய்ச்சலை உண்டாக்குவது ஒரு வைரஸ். ஹீமோபிலஸ் ஒரு பற்றீரியா. பிறகு எப்படி இந்தப் பெயர் வந்தது? அதற்குள் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் ரொபேர்ட் கொக், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். இன்றும் மார்ச் 24ஐத்தான் உலக காசநோய் தினமாகக் கொண்டாடுகிறோம். ஒரு நோய்க்கு ஒரு கிருமி, அந்தக் கிருமியைப் பிடித்துத் தட்டில் வளர்த்துக் காட்ட வேண்டும் என்பதே அன்றைய மருத்துவத்தின் வழி. அந்த வழி பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை.

1889இல் உலகெங்கும் இன்ஃபுளுவன்சா பரவியது. கொக்கின் மாணவர் பரம்பரையில் வந்த ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் மிகச் சிறிய ஒரு பற்றீரியாவைத் திரும்பத் திரும்பக் கண்டார். இதுதான் காரணி என்று 1892இல் அறிவித்தார். நோயாளியிடம் இருந்தது உண்மை. நோயைத் தந்தது அதுதான் என்பது உண்மையல்ல. இருப்பதும் காரணமாவதும் ஒன்றல்ல என்பதை உலகம் பிறகு பெரும் விலை கொடுத்துத்தான் படித்தது.

1918இல் அந்தப் பெருங்காய்ச்சல் வந்தது. கோடிக்கணக்கானோர் இறந்தனர். இலங்கையும் தப்பவில்லை. ஃபைஃபரின் கிருமியை வைத்துத் தடுப்பூசிகளும் தயாரித்தார்கள். ஆனால் ஆய்வுகூடங்கள் குழம்பிப்போயின. சில நோயாளிகளிடம் அந்தக் கிருமி இருந்தது, சிலரிடம் இல்லை. சுகமாக இருந்த சிலரின் தொண்டையிலும் அது இருந்தது.

அந்தக் கிருமியைத் தட்டில் வளர்ப்பதும் இலேசான காரியமல்ல. தொண்டையிலிருந்து எடுத்த சளியைத் தட்டில் பூசினால் மற்றப் பற்றீரியாக்கள் முந்தி வளர்ந்து இதை மூடிவிடும். இங்கேதான் நாம் அதிகம் கேள்விப்படாத ஒரு சங்கதி வருகிறது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1929இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பெனிசிலினுக்குச் சொன்ன முக்கியப் பயன்களில் ஒன்று, ஃபைஃபரின் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுப்பது. பெனிசிலின் இட்ட தட்டில் அக்கம்பக்கத்துப் பற்றீரியாக்கள் அழிந்தன. அந்த மருந்துக்கு அசையாத இந்தக் கிருமி மட்டும் தாராளமாக வளர்ந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1933இல் இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் அன்ட்ரூஸ், பட்ரிக் லெய்ட்லோ ஆகிய மூவரும், மனிதரின் இன்ஃபுளுவன்சாவுக்குக் காரணம் வைரஸ் என்று காட்டினார்கள். ஃபைஃபரின் கிருமி குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் அந்தக் கிருமி அப்பாவியா? அதுவுமில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1918இல் இறந்த 58 பேரின் பாதுகாக்கப்பட்ட சுவாசப்பைத் துண்டுகளைப் பார்த்தார்கள். 8000க்கும் மேற்பட்ட பழைய பிரேத பரிசோதனைகளின் பதிவுகளையும் படித்தார்கள். அந்த மரணங்களில் பெரும்பாலானவை வைரசுக்குப் பின்னால் வந்த பற்றீரியா நியூமோனியாவால் நேர்ந்தவை என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பற்றீரியாக்கள் வெளியூரிலிருந்து வந்தவையல்ல. சாதாரணமாக மூக்கிலும் தொண்டையிலும் குடியிருப்பவை. வைரஸ் கதவை உடைத்தது, உள்ளூரவர்கள் உள்ளே புகுந்தார்கள்.

இனி சுவாசப்பைக்கு வருவோம். சுகதேகியின் சுவாசப்பை கிருமியே இல்லாத இடம் என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. உள்ளே குழாய் விட்டு எடுத்த மாதிரியில் பற்றீரியா இருந்தால், வரும் வழியில் வாயில் பட்டது என்று தள்ளிவிட்டார்கள். தட்டில் வளராததைப் பார்க்கவும் வழி இருக்கவில்லை.

அந்த வழி மரபணுவால் திறந்தது. 1977இல் அமெரிக்காவில் கார்ல் வூஸ், நுண்ணங்கிகளின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு அவற்றை இனம் பிரிக்கலாம் என்று காட்டினார். தட்டில் வளர்க்காமலே யார் யார் இருக்கிறார்கள் என்று வாசிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. 1995இல், தனித்து வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுதியும் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அந்த உயிர் எது தெரியுமா? அதே ஹீமோபிலஸ் இன்ஃபுளுவன்சாதான். சுமார் 18 இலட்சம் எழுத்துகள்.

2007இல் அமெரிக்காவில் மனித உடலின் நுண்ணங்கிகளைக் கணக்கெடுக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. மூக்கு, வாய், தோல், குடல் எல்லாம் பட்டியலில் இருந்தன. சுவாசப்பை இருக்கவில்லை. ஆனால் 2010இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள், சுகதேகிகளின் சுவாசக் குழாய்களிலும் பற்றீரியாச் சமூகம் ஒன்று இருப்பதை வெளியிட்டார்கள். சுகமானவர்களிடம் பிரிவோட்டெல்லா போன்றவை கூடுதல். முட்டு உள்ளவர்களிடமும், நாட்பட்ட சுவாசத் தடை நோய் உள்ளவர்களிடமும் ஹீமோபிலஸ் குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. 1892இல் பார்த்த அதே முகம்!

2011இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகக் கவனமாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். சுகதேகியின் சுவாசப்பையில் உள்ளவை தொண்டையில் உள்ளவைதான், எண்ணிக்கை மட்டும் மிகவும் குறைவு. எப்படி இறங்குகின்றன? அதற்கு 1978லேயே ஒரு பதில் இருந்தது. நித்திரையில் இருந்த சுகதேகிகளுக்குக் கதிரியக்க அடையாளத் திரவம் கொடுத்துப் பார்த்ததில், கிட்டத்தட்டப் பாதிப் பேரின் சுவாசப்பையில் மறுநாள் அதன் தடயம் இருந்தது. நித்திரையில் நம் எச்சில் துளித்துளியாக உள்ளே இறங்குகிறது.

ஆகவே சுவாசப்பை குடியேற்றமும் வெளியேற்றமும் ஓயாது நடக்கும் இடம். எச்சிலோடும் காற்றோடும் பற்றீரியாக்கள் வருகின்றன. பிசிர்கள் அவற்றை மேலே தள்ளுகின்றன, இருமல் வெளியேற்றுகிறது, வெண்கலங்கள் விழுங்குகின்றன. புகையால் பிசிர்கள் கெட்டு, சளி தேங்கினால் இந்தக் கணக்குப் பிழைக்கிறது. யாராவது ஒரு கூட்டம் தங்கிப் பெருகுகிறது. அந்த மாற்றம் நோயின் காரணமா விளைவா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஃபைஃபரின் கதை தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

நமக்கு இதில் என்ன? தடிமன் வந்தவுடன் பாமசியில் இரண்டு நாளுக்கு அன்டிபயோட்டிக் குளிசை வாங்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு மிஞ்சிய மருந்தை இளைய பிள்ளைக்குக் கொடுப்பதும் இருக்கிறது. தடிமன் வைரசால் வருவது. அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. தொடுவது தொண்டையிலும் குடலிலும் அமைதியாகக் குடியிருப்பவர்களை. ஃபிளெமிங்கின் தட்டை நினைத்துப் பாருங்கள்: அக்கம்பக்கம் அழிந்தது, மருந்துக்கு அசையாதது பெருகியது.

அதற்காக அன்டிபயோட்டிக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1918இல் அந்த மருந்து இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். காய்ச்சல் குறைந்து மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், பிள்ளையின் விலாப் பக்கம் உள்ளிழுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எழுதித் தந்தால் சொன்ன நாள் வரை முடியுங்கள். காசநோய் மருந்தை இடையில் நிறுத்தவே வேண்டாம். முட்டுக்குத் தந்த பம்பை, சுகமாகிவிட்டது என்று நீங்களாக விடாதீர்கள். உம்மாமார் விறகடுப்பில் சமைத்தால் புகை போக ஒரு வழி வையுங்கள். வாப்பாமார் சிகரெட்டை விடுங்கள்.

பிரயோசனமாக இருந்தால் உங்கள் குடும்பத்தாருக்கும் அனுப்புங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.