உமிச் சூட்டில் மின்சாரம்: வெப்பத்தை மறிக்கும் நனோக்கம்பி

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமி எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே வீணாகிறது. அதை மின்சாரமாக்க முடியாதா?

முடியும். இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும். 1821இல் தோமஸ் சீபெக் கவனித்த விளைவு இது. யுத்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்: 1950களில் சோவியத் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டிலேயே வானொலி இயங்கியது. விளக்கின் மேல் வளையமாகப் பொருத்திய வெப்பமின் துண்டுகள்தான் அதைச் செய்தன. எங்கள் ஜாம் போத்தல் விளக்குகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களுக்கும், புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து இதே முறையில்தான் மின்சாரம் கிடைக்கிறது.

பிறகு ஏன் ஆலைகளில் இது இல்லை? மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள் பெரும்பாலும் வெப்பத்தையும் நன்றாகக் கடத்திவிடும். சூடு வீணே மறுமுனைக்கு ஓடிவிடுகிறது. உலோகங்களில் இரண்டையும் சுமப்பவை இலத்திரன்களே என்பதால் பிரிக்க வழியில்லை. சிலிக்கன் போன்ற குறைகடத்திகளில் அப்படியல்ல. அங்கே மின்சாரத்தைச் சுமப்பவை இலத்திரன்கள்; வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை அணுக்களின் அதிர்வலைகள். இந்த அதிர்வுகளில் பல, நூறு நனோமீற்றருக்கு மேல் தடையின்றி ஓடக்கூடியவை. இலத்திரன்களோ மிகக் குறுகிய தூரத்திலேயே மோதித் திரும்பும். ஆகவே கம்பியைச் சுமார் 50 நனோமீற்றராக, தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லியதாக ஆக்கினால், அதிர்வுகள் சுவரில் முட்டிச் சிதறும். இலத்திரன்களுக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை.

2008இல் கலிபோர்னியாவின் பேர்க்லி, கல்டெக் ஆய்வாளர்கள் தனித்தனியே இதை நிரூபித்தார்கள். பேர்க்லியின் சொரசொரப்பான கம்பிகளில் வெப்பக் கடத்தல் சாதாரண சிலிக்கனை விட ஏறத்தாழ 100 மடங்கு குறைந்தது.

கைத்தொலைபேசிக்கு இதே குணம் எதிரி. சிப்பின் உறுப்புகள் சிறுக்கச் சிறுக்க, சூடு வெளியேறும் வழியும் அடைபடுகிறது.

ஆய்வுகூடக் கம்பி இன்னும் ஆலைக்கு வரவில்லை. கோடிக்கணக்கான கம்பிகளை அடுக்கி, இரு முனையிலும் உறுதியான தொடுப்புக் கொடுப்பது பெரும்பாடு. கடையில் கிடைக்கும் பிஸ்மத் டெலுரைட் தகடுகள், வாங்கும் சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவையே மின்சாரமாக்கும். டெலூரியமும் அரிய தனிமம். மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கனில் இதைச் செய்ய முனைவது அதனால்தான்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. ஆலைப் புகைபோக்கியில் எத்தனை பாகை சூடு வீணாகிறது என்று அளக்க நனோக்கம்பி வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியும் நாலு மாணவர்களும் போதும்.