மூடி வைத்த ஒரு கண்

எந்தக் கண்ணாடி போட்டாலும் என் இடது கண்ணுக்கு போர்டுல கடைசி மூணு வரி தெரியாது. சின்ன வயசுல டாக்டர் நல்ல கண்ணு மேல பேட்ச் ஒட்டச் சொன்னார். ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னு நான் தெருமுனையிலயே பிச்சுப் போட்டுடுவேன். "கண்ணுல கோளாறு இல்லப்பா, மூளைதான் அதைக் கண்டுக்கல"ன்னு அவர் சொன்னது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

அதுக்குப் பின்னாடி ஒரு பழைய கேள்வி இருக்கு. பெரியவர்களுக்குக் கண்புரையை எடுத்தால் பார்வை திரும்புகிறது. பிறவியிலேயே புரை இருந்த குழந்தைக்குப் பல வருஷம் கழித்து எடுத்தால், பார்வை ஏன் சரியாக வருவதில்லை?

ஹார்வர்டில் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். கேட்கவே கஷ்டமாத்தான் இருக்கு. சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது அந்தக் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அதற்குப் பதில் சொல்ல அநேகமாக எந்தச் செல்லும் மிச்சமில்லை. எல்லாம் திறந்திருந்த கண்ணின் பக்கம் சாய்ந்திருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் இப்படி ஆகவில்லை. இதெல்லாம் வெளிவந்தது 1963-ல்.

சரி, ரெண்டு கண்ணையும் மூடினா? மொத்தமும் போயிருக்கணும்ல? 1965-ல் அதையும் எழுதினார்கள்: எதிர்பார்த்ததைவிடப் பாதிப்பு குறைவு, நிறைய செல்கள் இன்னும் பதில் சொல்லின. அப்போ இது வெறும் பயன்படுத்தாத குறை இல்ல. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடத்துக்கான போட்டி! 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு ஆச்சரியம். 1991-ல் கார்லா ஷாட்ஸ் இடம்பெற்ற குழு, உலகத்தைப் பார்க்கும் அளவுக்கு இன்னும் வளராத விழித்திரையிலேயே சிக்னல்கள் அலை அலையாக ஓடுவதைப் பதிவு செய்தது. ஹார்ட்வேர் முதல்ல, புரோகிராம் அப்புறம்னு படிச்சவன் நான். இங்க ஓடுற சிக்னலே வயரிங்கை மாத்துது!

அதனாலதான் இன்று பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே எடுக்கப் பார்க்கிறார்கள். உங்க வீட்டுக் குட்டிக்கு டாக்டர் பேட்ச் ஒட்டச் சொன்னா, அழுதாலும் ஒட்டிவிடுங்க. தெருமுனை வரைக்கும் இல்ல, ஸ்கூல் வரைக்கும் கூடவே போங்க.