ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம்: சாம்பல் சிமென்டின் மறுபக்கம்

இந்தியாவில் சாம்பல் கலந்த சிமென்டின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவும் விழுக்காடுகளின் வரலாறாகவுமே சொல்லப்படுகிறது. அனல் மின் நிலையத்தின் கழிவு கட்டுமானப் பொருளாக உயர்ந்தது என்பதே அதன் சாரம். அந்த விழுக்காடுகள் ஆலைக்குள் எவ்வாறு கைகூடின என்ற கேள்வி அதில் எழுவதில்லை. விடையின் ஒரு பகுதி, ஒரு டன் சிமென்டுக்குச் சில நூறு கிராம் அளவே சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருளில் இருக்கிறது. ஆலைகளில் ‘கிரைண்டிங் எய்ட்’ என்று வழங்கும் அரைவைத் துணைப்பொருளே அது.

கிளிங்கரை அரைக்கும்போது உடைந்த பரப்புகளில் மின்னேற்றம் எஞ்சுகிறது. அதனால் நுண்துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரள்கின்றன. ஆலையின் எஃகு உருண்டைகளிலும் உட்சுவரிலும் அப்பிக்கொள்கின்றன. அந்நிலைக்குப் பின் செலவிடும் மின்சாரத்தில் பெரும்பகுதி வீண். துணைப்பொருள் துகள்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அவற்றை விலக்கி வைக்கிறது. பரப்பில் படியும் பொருட்கள் திண்மங்களின் வலிமையைக் குறைக்கும் என்பதை ரஷ்ய வேதியியலர் ரெபிண்டர் 1928இல் எடுத்துக்காட்டினார். 1930களில் அமெரிக்க ஆலைகளில் இத்தகைய பொருட்கள் புழக்கத்துக்கு வந்தன. மாட்டுக்கொழுப்பு சேர்த்து அரைத்த சிமென்டால் நியூயார்க் மாநிலத்தில் போடப்பட்ட சாலைகள் உறைபனியைத் தாங்கி நின்றது அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. அக்கொழுப்பு கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்கியிருந்ததே காரணம். அரைவைக்காகச் சேர்த்த பொருளின் வேலை அரைவையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இந்தியாவில் இவ்வுண்மை வேறு வடிவில் பொருள் பெற்றது. 1962இல் நிறைவுற்ற ரிஹாந்த் அணையின் கான்கிரீட்டில் சிமென்டின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சாம்பல் பயன்பட்டது. போசொலானா சிமென்டுக்கான ஐ.எஸ். 1489 தரவரையறையும் அதே ஆண்டில் வெளியானது. 1991ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 10 முதல் 25 விழுக்காடு வரை சாம்பலை அனுமதித்தது. 1999 செப்டம்பரில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கை, சாம்பலைப் பயன்படுத்துவதைச் சட்டக் கடமையாக்கியது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பை 15 முதல் 35 விழுக்காடாக உயர்த்தியது. வலிமைக்கான நிபந்தனை மட்டும் தளரவில்லை. 3, 7, 28 நாட்களில் முறையே 16, 22, 33 மெகாபாஸ்கல் என்ற அளவுகள், சாம்பல் கலவாத 33 தர சிமென்டுக்கு உரியவையே.

இங்குதான் சிக்கல். சிமென்ட் நீருடன் வினைபுரிந்து சுண்ணாம்பை வெளியிட்ட பின்னரே சாம்பல் தன் வினையைத் தொடங்கும். அதுவும் மெதுவாகவே நிகழும். எனவே கிளிங்கர் குறையக் குறைய முதல் வார வலிமை சரிகிறது. 1989இல் விலைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கிய பின் உருவான போட்டிச் சந்தையிலோ, பலகையை விரைவில் பிரிக்க உதவும் சிமென்டுக்கே மதிப்பு. இடைவெளியை நிரப்ப மேலும் நுண்ணியதாக அரைக்கலாம். அதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். மற்றொரு வழி வேதியியல். டிரைஎத்தனோலமின், கிளைக்கால் வகைகள் ஆகியவற்றுடன் டிரைஐசோபுரோப்பனோலமினும் சேர்ந்தது. அது கிளிங்கரின் இரும்புச் சேர்மத்தை விரைந்து வினைபுரியச் செய்து வலிமையைக் கூட்டுகிறது என்பதைக் கார்ட்னரும் மயர்ஸும் 1993இல் விளக்கினர். அரைவைக்குத் துணையாக வந்த பொருள், வலிமையூட்டியாகவும் மாறியது.

சாம்பலுக்கு அரசிதழ் அறிவிக்கைகள் உண்டு, விவாதங்களும் உண்டு. இத்துணைப்பொருளுக்கோ, தீங்கற்றது என நிறுவப்பட்டால் ஒரு விழுக்காட்டுக்கு மிகாமல் சேர்க்கலாம் என்ற அளவில் தரவரையறையில் ஓரிடமே உண்டு. அதன் வரலாற்றைத் தேடுவோர் காப்புரிமைகளையும் ஆலைப் பதிவேடுகளையுமே நாட வேண்டியிருக்கும்.

இது ஆய்வாளரின் இடர்ப்பாடு மட்டுமன்று. 28 நாள் வலிமை என்பது ஆய்வகத்தில் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கனசதுரத்தின் வலிமை. வீட்டுத் தூணுக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவேதான் ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரண சிமென்டுக்கு ஏழு நாட்களும் கலப்பு சிமென்டுக்குப் பத்து நாட்களும் நீராற்றுதல் வேண்டும் என விதித்தது. துணைப்பொருள் தொடக்க வலிமையைத் தரும். நீரின் இடத்தை அது நிரப்பாது. விரைவில் இறுகிவிட்ட கான்கிரீட்டைக் கண்டு நான்காம் நாளே நீர் தெளிப்பதை நிறுத்தினால், சாம்பலின் மெதுவான வினை பாதியில் நின்றுபோகும். கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடாமல் எஞ்சும். ஆலையின் இடர்ப்பாட்டைத் தீர்த்த அந்தச் சில நூறு கிராம், கட்டடத்தின் தேவையைக் கண்ணில் படாமல் மறைத்துவிடவும் கூடும். சாம்பல் சிமென்டின் வரலாறு விழுக்காடுகளோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.