நாய்க்கும் நடுகல்

பண்டைக் கிரேக்கர் வாழ்வில் விலங்குகள் பெற்றிருந்த இடம் பெரிது. ஏதென்ஸ் நகரில் சோலோன் வகுத்த நான்கு குடிவகுப்புகளுள் இரண்டாவது, குதிரைவீரர் என்னும் பெயரையே தாங்கி நின்றது. அலெக்சாண்டர் தம் குதிரையாகிய புசிபேலஸ் மறைந்தபின், ஜீலம் ஆற்றங்கரையில் அதன் பெயரால் ஒரு நகரையே அமைத்தார். ஹோமரின் ஒடிசி காவியத்திலோ, இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் மீளும் தலைவனைக் கண்டறிந்து, வாலைக் குழைத்து, உயிர் விடுகிறது ஆர்கஸ் என்னும் முதிய நாய்.

இவற்றைப் படித்து வியக்கும் நாம், நம் முன்னோர் விலங்குகளைப் போற்றிய திறத்தையும் அறிதல் வேண்டுமன்றோ? போரில் வீழ்ந்த மறவர்க்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள் எனப் படிப்படியாக வகுத்துரைக்கிறது. அப்பெருமை நாய்க்கும் கிட்டியது. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்ற கல்லொன்று, தலைவனோடு அவனது நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலை வட்டெழுத்து இன்றும் உரைக்கின்றது.

அதனையொத்த கல் ஒன்று கன்னட நாட்டிலும் உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பெற்றது அது. கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனின் போர்த்திறங்கண்டு மகிழ்ந்து, வேண்டுவது கேள் என்றான். அவன் பொன்னைக் கேட்டானல்லன். காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் கல் நட்டு, அதன் வழிபாட்டிற்கு நிலமும் அளித்தான். வழிபடாது உண்ணும் பூசகனை அந்நாயின் பாவம் சேரும் என்றும் பொறித்தான்.

தமிழராகிய நம் நெஞ்சை வருத்தும் செய்தியொன்றும் அக்கல்லில் உண்டு. 949ஆம் ஆண்டில் தக்கோலப் போர்க்களத்தில், பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர் பூதுகனால் கொல்லப்பட்டதை அதுவே கூறுகிறது. யானைமேல் துஞ்சியவர் என நாம் போற்றும் இளவரசரின் வீழ்ச்சியும், ஒரு நாயின் வீரமும் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன. அக்கல்லைப் பகைவர் கல்லென்று ஒதுக்குவோமாயின், காளியை இழப்போம். நாயின் அன்பை நாட்டெல்லை கடந்து மதிக்கும் பண்பையும் இழப்போம்.

பிழைப்பின் பொருட்டுத் தொம்மலூரில் குடியேறிய நாம், இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் நம் மொழிக் கல்வெட்டுகளைக் கண்டு பூரிக்கிறோம். அவற்றை எபிகிராபியா கர்னாடிகா வரிசையில் அச்சேற்றிக் காத்தது அந்நாளைய மைசூர் அரசேயாகும். தமிழ்க் கல்லை அவர்கள் போற்றினர். கன்னடக் கல்லை நாம் போற்றுதல் கடன். விடுமுறை நாளொன்றில் நம் மக்களுக்குக் கோவிவன் கதையையும் காளியின் கதையையும் சேர்த்தே சொல்வோம். பள்ளியில் கன்னடமும் இல்லத்தில் தமிழும் பயிலும் அவர்கட்கு இரண்டும் சொந்தக் கதைகளே.