தூத்துக்குடி உணவுகள்

தூத்துக்குடி உணவுகள் எனும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் தென்கிழக்கில் மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள துறைமுக நகரான தூத்துக்குடியின் கடைகளிலும் உணவகங்களிலும் கிடைக்கும் உணவு வகைகளைப் பற்றியது. மக்ரூன் எனும் முந்திரி இனிப்பு, இரவுக் கடைகளின் பரோட்டா, கடல்மீன் ஆகிய மூன்றும் இவற்றுள் பெயர் பெற்றவை. இந்நகரில் நல்ல உணவு கிடைப்பது இடத்தை மட்டுமன்றி, நாளின் நேரத்தையும் ஆண்டின் பருவத்தையும் பொறுத்தது.

பின்னணி

முத்துக்குளித்தலுக்குப் பெயர் பெற்ற இக்கடற்கரைக்குப் போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டில் வந்தனர். 1530களில் பரதவர் பலர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1658இல் நகரம் ஒல்லாந்தர் வசமானது. 1825இல் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்தது. இன்று தமிழர் சமையலில் இன்றியமையாததாக உள்ள மிளகாயும், மக்ரூனின் உயிரான முந்திரியும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. இரண்டும் போர்த்துக்கீசர் வழியாகவே இந்தியாவை அடைந்தன.

கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி இத்துறைமுகம் வழியே ஏற்றுமதியானது. 1876இல் தொடருந்துப் பாதை நகரை எட்டியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடிக்குத் தொடருந்தில் வந்து கப்பல் ஏறினர். சரக்கேற்றுவோர், ஆலைத் தொழிலாளர், உப்பளத் தொழிலாளர், கப்பலுக்குக் காத்திருப்போர் எனப் பலரும் கூடிய நகரில், வீட்டுக்கு வெளியே உண்ணும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

மக்ரூன்

ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் இனிப்பு மக்ரூன் ஆகும். தூத்துக்குடியில் வாதுமைக்குப் பதிலாக முந்திரி சேர்க்கப்படுகிறது. இது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற பலகாரம் என்பது செவிவழிச் செய்தி. அடிப்பகுதி அகன்றும் நுனி கூர்ந்தும் சிறு கோபுரம் போன்ற வடிவில், வெண்மை அல்லது இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். கையில் எடுத்தால் எடை தெரியாது. வாயில் இட்டதும் கரையும்.

இதன் செய்முறையில் மூன்று பொருட்களே உள்ளன. எனினும் செய்வது எளிதன்று. வெண்கருவைத் தொடர்ந்து அடிக்கும்போது அதிலுள்ள புரதம் காற்றைச் சிறைப்பிடித்து நுரையாகிறது. மஞ்சள் கரு சிறிதளவு கலந்தாலும் அதன் கொழுப்பு நுரை எழும்புவதைத் தடுத்துவிடும். சர்க்கரை நுரையை உறுதியாக்குகிறது. இறுதியில் முந்திரித் தூளை நுரை அமுங்காதவாறு மெல்லக் கலந்து, தாளில் பிழிந்து, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்து உலர்த்துவர். சர்க்கரை ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஆகவே கடற்காற்றில் திறந்து வைத்த மக்ரூன் விரைவில் பிசுபிசுத்துவிடும். காற்றுப் புகாத கலத்தில் வைப்பது அவசியம். நகரில் மக்ரூனுக்குப் பெயர் பெற்ற கடைகளுள் கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

இரவுக் கடைகளும் பரோட்டாவும்

தூத்துக்குடியில் பரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்ற பெயர் வழங்கி வருகிறது. ஆடலரங்கு, மது ஆகியவற்றுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மாலையில் அடுப்பு மூட்டி நள்ளிரவு வரை இயங்குவதால் ஏற்பட்ட பெயராகும். வெளியூரிலிருந்து வருவோர் இப்பெயரைக் கேட்டுத் திகைப்பது உண்டு.

மைதா மாவை நீர், உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஊறவைப்பர். ஊறும்போது மாவின் பசையம் இளகி இழுபடும் தன்மை பெறுகிறது. பின்னர் மாவை மெல்லிய விரிப்பாக வீசி, மடித்து, சுருட்டித் தட்டிக் கல்லில் இடுவர். மடிப்புகளுக்கு இடையிலுள்ள எண்ணெயே அடுக்குகள் ஒட்டாமல் காக்கிறது. கல்லிலிருந்து எடுத்ததும் இரு கைகளாலும் பக்கவாட்டில் தட்டுவதால் அடுக்குகள் பிரிகின்றன. எண்ணெயில் மொறுமொறுப்பாக வேகவைப்பது 'பொரிச்ச பரோட்டா' எனப்படும். வாழையிலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் சால்னாவை ஊற்றி, ஊறிய பின் உண்பதே இங்குள்ள முறை.

மீன்

வடதமிழ்நாட்டில் வஞ்சிரம் எனப்படும் மீன் இங்குச் சீலா என வழங்கப்படுகிறது. மத்தி மீனுக்குச் சாளை என்று பெயர். பாறை, விளமீன், நெத்திலி, கணவாய், நண்டு, இறால் ஆகியவையும் உணவகங்களில் கிடைக்கும். புளியும் தேங்காயும் அரைத்துச் சேர்த்த குழம்பு, மிளகாய் தடவிய பொரியல் ஆகியவை பரவலான சமையல் முறைகள்.

மீனின இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2017க்கு முன்னர் இத்தடை 45 நாட்களாக இருந்தது. தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனே உள்ளூர் வரத்து. ஆகவே பெரிய மீன்கள் அரிதாகி விலை உயரும். பனிமய மாதா பேராலயத் திருவிழா, சூலை 26 முதல் ஆகத்து 5 வரை, தடை நீங்கிய பின்னரே வருகிறது. கத்தோலிக்க மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத வழக்கமும் வரத்தைப் பாதிக்கும்.

நகரைச் சூழ்ந்த உப்பளங்களின் உப்பால் கருவாடு செய்வதும் நெடுநாளைய தொழில். சூரை மீனை அவித்து உலர்த்திச் செய்யப்படும் மாசி, மாலைத்தீவு, இலங்கை ஆகிய நாடுகளின் சமையலிலும் இடம்பெறுவது.

அண்டை ஊர்கள்

1986ஆம் ஆண்டு அக்டோபர் 20இல் தனி மாவட்டமாகும் வரை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 2019இல் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்த சங்கரன்கோவிலும் அதே பழைய மாவட்டத்தைச் சேர்ந்ததே. சங்கரநாராயணர் கோவிலுக்குப் புகழ் பெற்ற அவ்வூர், ஆட்டிறைச்சிப் பிரியாணிக்கும் பெயர் பெற்றது. கடலோரத்தில் மீனும் உள்நாட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடும் முதன்மை பெறுவதை இவ்விரு ஊர்களின் கடைகளில் காணலாம்.

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020இலும், உடன்குடியின் பனங்கருப்பட்டி 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. காயல்பட்டினத்தில் தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்துச் செய்யப்படும் வட்டலப்பம், இலங்கை முசுலிம்களிடமும் உள்ள இனிப்பாகும்.

உண்பதற்கு ஏற்ற காலம்

- மீன் உணவு: நண்பகல். சூன் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பெரிய மீன்கள் கிடைக்கும்.
- பரோட்டா: மாலைக்குப் பின்னர், கல்லிலிருந்து எடுத்த சூட்டில் உண்பது சிறந்தது.
- மக்ரூன்: ஆண்டு முழுவதும் கிடைக்கும். மழைக்காலத்தில் வாங்குவோர் பொதியைப் பிரித்தவுடன் உண்பது நலம்.