நூலும் வழக்கும்: இராமநாதபுரத்துத் தத்து வழக்கின் வரலாறு

நூல் வலிதோ, வழக்கு வலிதோ என்னும் வினா தமிழ் கற்றார்க்குப் புதியதன்று. ஆசிரியர் தொல்காப்பியனார் காலந்தொட்டே நம் இலக்கணம் வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டனையும் முதலாகக் கொண்டு எழுந்தது. சான்றோர் வழங்கிவருவதை இலக்கண நூல் தழுவிக்கொள்ளுமேயன்றி அதனைத் தள்ளிவிடாது. இனி, வழக்கு என்னும் இச்சொல்லே நியாயஸ்தலத்தில் இருதிறத்தாரிடையே நிகழும் வியாஜ்யத்தையும் குறிக்கின்றது. ஒழுகிவரும் முறைக்கும் அம்முறைபற்றி எழும் விவாதத்திற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தது எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை, சேது நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கின் சரித்திரத்தால் நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இராமநாதபுரம் சேதுபதிகளின் பழம்பெருமை யாவரும் அறிந்ததே. 1795-ஆம் ஆண்டில் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியினின்றும் நீக்கினர். பின்னர் 1803-இல் அவர்தம் சகோதரியார் மங்களேசுவரி நாச்சியாருக்குச் சந்நது வழங்கி, அந்நாட்டைப் பேஷ்குஷ் செலுத்தும் ஜமீனாக்கினர். அதுமுதல் சேதுபதிகள் முடியரசர் என்னும் நிலை மாறி ஜமீன்தார் ஆயினர். இம்மாறுதல் அக்காலத்தில் அவர்கட்கு ஒரு தாழ்வாகவே தோன்றியிருக்கும். எனினும் பின்னாளில் அதுவே அக்குடும்பத்திற்கு ஓர் அரணாயிற்று. அது எவ்வாறெனப் பின்னர்க் கூறுதும்.

இராமசாமி சேதுபதி என்பார் 1830-இல் ஆண் சந்ததியின்றிக் காலஞ்சென்றார். அவர் விட்டுச் சென்றவர் மனைவியார் பர்வதவர்த்தனி நாச்சியாரும் இளம்பருவப் பெண்மக்கள் இருவருமாவர். அப்பெண்மக்களும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். கணவனையும் மக்களையும் இழந்து தமியராய் நின்ற இராணியார், 1847-ஆம் ஆண்டில் தம் கணவரின் ஞாதிகள் பலருடைய உடன்பாட்டைப் பெற்று, முத்துராமலிங்கர் என்னும் சிறுவரைத் தம் கணவர்க்கு மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார்.

ஸர்க்கார் இத்தத்தினை ஒப்புக்கொள்ளவில்லை. கணவன் உயிரோடிருந்த காலத்தில் கொடுத்த அநுமதி இல்லாவிடின் கைம்பெண் எடுத்த தத்து செல்லாது. தத்து செல்லாதாயின் இராணியார்க்குப் பின் உரியவர் இல்லையாகி ஜமீன் ஸர்க்காரையே சேரும் என்பது மதுரைக் கலெக்டர் வாயிலாக அவர்கள் கொண்ட நிலை. ஆகவே, ஒருபால் ஒரு கைம்பெண்ணும் ஒரு சிறுவரும், மறுபால் நாடாளும் ஸர்க்காருமாக வழக்கு மூண்டது.

இவ்வழக்கு எதனைப் பற்றி நின்றது எனின், வசிஷ்டர் பெயரால் வழங்கும் தருமநூலின் ஒரு சிறு வாக்கியத்தைப் பற்றியே நின்றது. கணவனுடைய உடன்பாடின்றிப் பெண்ணானவள் மகவைக் கொடுத்தலும் கொள்ளுதலும் தகாது என்பது அதன் கருத்து. வாக்கியம் ஒன்றே; ஆயினும் திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டாற்போல, இதற்கும் பாரத தேசத்தின் நான்கு பகுதியார் நால்வகையாகப் பொருள் கொண்டனர்.

மிதிலை நாட்டார், தத்தெடுக்கும் அந்நேரத்திலேயே கணவன் உடன்பாடு வேண்டுமென்றனர். இறந்தவன் உடன்படுதல் இயலாதாகலின், அவர் கொள்கைப்படி கைம்பெண் தத்தெடுத்தல் எஞ்ஞான்றும் இல்லை. வங்க நாட்டார், கணவன் வாழுங்காலத்து அநுமதி கொடுத்திருப்பின், அவன் இறந்த பின்னரும் அது செல்லும் என்றனர். மகாராஷ்டிர தேசத்தார், மயூகம் முதலிய நூல்களைப் பின்பற்றி, இவ்விதி கணவன் உயிரோடிருக்கும்போது எடுக்கும் தத்துக்கே உரியது. அவன் ஆன்மாவுக்கு நன்மை தேடும் கைம்பெண்ணை அது தடுக்காது என்றனர். தென்னாட்டார் கொள்கையோ இவற்றிடையே நின்றது. கணவனது அநுமதி இல்லாவிடத்து, அவன் சபிண்டராகிய ஞாதிகளின் உடன்பாடு அக்குறையை நிரப்பும் என்பது அது.

கற்றவர் நால்வர் ஒரு வாக்கியத்திற்கு நான்கு பொருள் கூறினால், எது மெய்ப்பொருள் என்று தீர்ப்பவர் யார்? வடமொழியறியாத ஆங்கில நீதிபதிகள் இதன்கண் பெரிதும் இடர்ப்பட்டனர். கோர்ட்டுப் பண்டிதர்கள் எழுதிக் கொடுத்த வியவஸ்தைகளும், மொழிபெயர்க்கப்பட்ட சில நூல்களுமே அவர்கட்குத் துணையாயின. கோல்புரூக் துரை மிதாட்சரத்தின் தாயபாகத்தை 1810-இல் ஆங்கிலப்படுத்தினார். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டின் முதற் பிரதம நீதிபதியாயிருந்த ஸர் தாமஸ் ஸ்டிரேஞ்ச் 1825-இல் ஹிந்து தருமத்தைப்பற்றி ஒரு நூல் இயற்றினார். தத்தக மீமாம்சை, தத்தக சந்திரிகை, ஸ்மிருதி சந்திரிகை முதலிய நூல்கள் எவ்வெந் நாட்டில் எவ்வளவு மதிப்புடையன என்பதும் ஆராயப்படவேண்டியதாயிற்று. நூலாராய்ச்சியே நீதியாராய்ச்சியாக மாறிய காலம் அது.

சென்னை ஹைகோர்ட்டார் 1864-இல் தத்து செல்லும் எனத் தீர்த்தனர். கலெக்டர் இங்கிலாந்திலுள்ள பிரிவி கௌன்ஸிலுக்கு அப்பீல் செய்தார். 1949-ஆம் ஆண்டு வரையில் இந்திய வழக்குகட்கு இறுதி முறையீட்டு மன்றமாக விளங்கியது அதுவேயாம். 1868-இல் அம்மன்றத்தார் கலெக்டரின் அப்பீலைத் தள்ளி, இராணியார் எடுத்த தத்தினை நிலைநாட்டினர்.

அத்தீர்ப்பில் அவர்கள் கூறிய நெறி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஹிந்து தருமத்தை வழங்கும் கடமை பூண்ட ஐரோப்பிய நீதிபதி, விவாதத்திலுள்ள கொள்கை மிகப் பழைய நூல்களினின்றும் நேரே பெறப்படுமா என்று ஆராய்தலைக் காட்டிலும், அந்நாட்டை ஆளும் நூல்வழியினர் அதனை ஏற்றுள்ளனரா, அங்கு அது வழக்கத்தால் உறுதி பெற்றுள்ளதா என்று காண்பதே தகும் என்றனர். அதன்மேலும், வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்படுமாயின், ஹிந்து தருமத்தில் அஃது ஏட்டில் எழுதிய விதியினும் வலியுடைத்து என்று முடித்தனர். அன்று முதல் இந்நாட்டு நியாயஸ்தலங்களில் இத்தீர்ப்பு எடுத்தாளப்படாத காலம் இல்லை எனலாம்.

ஞாதிகளுள் எத்துணைப்பேர் உடன்பட வேண்டும் என்னும் வினாவுக்கு அவர்கள் மாறா விதி ஒன்றும் வகுத்திலர். குடும்பம் பிரிவுபட்டதா, படாததா என்னும் நிலைமைக்கேற்பவே அது தீர்க்கப்படும் என்றனர். கைம்பெண் தன் கடமையை உணர்ந்து நல்லெண்ணத்தோடு இதனைச் செய்தாள். மனம்போன போக்கிலோ தீய நோக்கத்தாலோ செய்திலள் என்று காட்டப் போதுமான உடன்பாடு இருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் விதித்த வரம்பு.

இனி, ஜமீன் என்னும் நிலை அரணாயிற்று என்று மேலே கூறியதை விளக்குவாம். 1855-இல் தஞ்சாவூர்ச் சிவாஜி மன்னர் ஆண் சந்ததியின்றி இறந்தார். பின்னர்க் கும்பினியார் அரசையும் அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினர். மூத்த அரசியார் காமாட்சி பாயி சாகேப், சொத்துக்களுக்காகச் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். ஆனால் 1859-இல் பிரிவி கௌன்ஸிலார் அத்தீர்ப்பை மாற்றிவிட்டனர். அஃது ஓர் அரசு மற்றோர் அரசின்மேல் நிகழ்த்திய செயல்; அதன் நியாய அநியாயங்களை விசாரிக்கும் அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கும் இல்லை என்பது அவர்கள் கூறிய காரணம். தஞ்சை மன்னர் அரசராக மதிக்கப்பட்டமையால் அவர் குடும்பத்துக்கு நீதிமன்றத்தின் கதவு அடைபட்டது. சேதுபதி குடிகளுள் ஒருவராகிய ஜமீன்தாராகக் கருதப்பட்டமையால் அவர்க்கு அது திறந்திருந்தது. ஒன்பதாண்டு இடைவெளியில் ஒரே மன்றம் அளித்த இவ்விரு தீர்ப்புக்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு, நீதி என்பது எதுவரை செல்லும், எவ்விடத்து நின்றுவிடும் என்பது நன்கு புலனாகும்.

இத்தத்து செல்லாது போயிருப்பின் இழப்பு சேதுபதி குடும்பத்திற்கு மாத்திரம் அன்று. தத்துப் பிள்ளையாக வந்த முத்துராமலிங்க சேதுபதி இசையிலும் செய்யுளிலும் வல்லவர். அவருடன் பிறந்தவராகிய பொன்னுச்சாமித் தேவர் சமஸ்தானக் காரியங்களை நடத்தியவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை ஆதரித்து, பரிமேலழகருரையோடு கூடிய திருக்குறள் முதலியன திருத்தமாக அச்சேற உதவியவர். பொன்னுச்சாமித் தேவரின் குமாரரே 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். முத்துராமலிங்க சேதுபதியின் குமாரர் பாஸ்கர சேதுபதி, தீர்ப்பு வெளிவந்த அதே 1868-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1893-இல் சிக்காகோ நகரத்துச் சர்வமத மகாசபைக்கு விவேகாநந்த சுவாமிகள் செல்லத் துணைநின்றவர்களுள் தலையாயவர். இராணியார் அன்று தம் உரிமையைக் கைவிட்டு வாளா இருந்திருப்பின் இவையெல்லாம் எவ்வாறு நிகழ்ந்திருக்கும்? தமிழ்ப்புலவர் வகுப்பார் அவ்வம்மையாருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டவரே.

எனினும், வழக்கம் நூலினும் வலிது என்றவுடன், யாதொன்றையும் குலவழக்கம் என்று சொல்லிச் சாதித்துவிடலாம் என எண்ணுதல் பிழை. தெளிவாக நிரூபிக்கப்படுமாயின் என்னும் அடைமொழியை மறத்தலாகாது. நான்காண்டு கழித்து, 1872-இல், திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒரு வாரிசு வழக்கில் அதே மன்றத்தார், குடும்ப வழக்கம் என்று கூறப்படுவது பழமையானதாயும் இடையறவின்றி மாறாது வந்ததாயும் இருத்தல் வேண்டும். அதற்குரிய சாட்சியமும் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாய் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தனர். முதியோர் இருவர் வந்து அப்படித்தான் எங்கள் வழக்கம் என்று சொல்லிவிடுதல் மட்டும் சாட்சியமாகாது. முன்னர் இன்னார் குடும்பத்தில் இன்ன காலத்தில் இவ்வாறு நடந்தது என்பதற்குப் பத்திரமும் தீர்ப்பும் காட்டவேண்டும்.

மேலும், வழக்கம் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. 1956-ஆம் ஆண்டுத் தத்து, ஜீவனாம்சச் சட்டம், தான் வெளிப்படையாக விலக்கி வைத்தவை நீங்கலாக, பழைய நூல் விதியையும் வழக்கத்தையும் ஒருங்கே மாற்றியது. பருவம் வந்த, அறிவுத் தெளிவுடைய கைம்பெண் இன்று தன் உரிமையாலேயே தத்தெடுக்கலாம். ஞாதிகளின் வாயிலில் நின்று உடன்பாடு கேட்கவேண்டுவதில்லை. ஆண்மகவையேயன்றிப் பெண்மகவையும் தத்தெடுக்கலாம். பதினைந்து வயது நிரம்பியவரையோ மணமானவரையோ தத்தெடுப்பதற்கு மட்டும், அவ்வாறு செய்யும் வழக்கம் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் வழக்கத்திற்கு ஓரிடம் ஒதுக்கியுள்ளது. அவ்விடத்தும் அவ்வழக்கத்தை நிரூபிக்கும் பாரம் அதனைக் கூறுவோரையே சாரும்.

ஆகலின் இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கவை இரண்டு. பெண்டிர்க்கு உரிமை மறுக்கவே நம்மவருட் சிலர் குலவழக்கத்தைத் துணைக்கழைப்பதைக் காண்கின்றோம். ஏட்டு விதி ஒரு கைம்பெண்ணைத் தடுப்பதாகக் காட்டப்பட்டபோது, தென்னாட்டு வழக்கமே முன்வந்து அவரைத் தாங்கியது என்பதை அன்னோர் உணர்வாராக. வழக்கம் என்பது மக்களின் வாழ்வை நடத்துதற்கு எழுந்ததேயன்றி அதனை நெரித்தற்கு எழுந்ததன்று. இஃது ஒன்று.

மற்றொன்று, எழுத்தின் அருமை. நம் வீடுகளில் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய ஓலைகள், பாகப்பத்திரங்கள், கலியாண உடன்படிக்கைகள், தத்துப் பத்திரங்கள், கோர்ட்டுத் தீர்ப்பின் நகல்கள் முதலியவற்றைச் செல்லுக்கு இரையாக்கியும் பழங்காகிதமென விற்றும் ஒழிப்பவர் பலர். ஒரு குலத்தின் வழக்கத்திற்குச் சாட்சி கூறுவன அவையே. அவற்றைப் படியெடுத்துத் தொகுத்து வைத்தல் நம் சங்கம் ஏற்றுச் செய்யத்தக்க பணிகளுள் ஒன்று. இனித் தத்தெடுப்போர், கொடுப்பவரும் கொள்பவரும் கையொப்பமிட்டுப் பத்திரத்தை ரிஜிஸ்டர் செய்துகொள்வாராக. அங்ஙனம் பதிவு செய்தால், மாறாக நிரூபிக்கப்படுமளவும் தத்து முறைப்படி நிகழ்ந்ததாகவே நியாயஸ்தலத்தார் கொள்வர் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது.

பர்வதவர்த்தனி நாச்சியார் ஞாதிகளின் உடன்பாட்டை 1847-இல் பெற்றார். அதன் பயனை இறுதித் தீர்ப்பாகக் காண இருபத்தோராண்டு சென்றது. அவ்வம்மையாரின் உறுதியும், அன்று அவருடன் நின்ற ஞாதிகளின் நன்மனமும் நம் இல்லங்களிலும் நிலைபெறுக.