கப்பல் துறையிலிருந்து அன்னம்மாள் மலைக்கு

சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியும் இடம் என்பது பொருள். நம் சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு சாலை கேமரன் மலைக்கு ஏறுகிறது. மற்றொன்று ஈப்போ வழியாக வடக்கே செல்கிறது. அந்த வடதிசையில், பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜம் மலையடிவாரத்தில் இருப்பதுதான் புனித அன்னம்மாள் திருத்தலம். அன்னம்மாள், மரியன்னையின் தாயார். அவருடைய திருநாள் ஜூலை 26.

இன்று உல்லாசக் கப்பல்கள் பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கின்றன. அவற்றில் வருவோர் படகேறிப் பட்டர்வொர்த்தை அடைந்து, அங்கிருந்து தரைவழியே இம்மலைக்குச் சென்று அன்றே திரும்பிவிடலாம். அவர்கள் கண்ணில் முதலில் படுவது, மினாங்கபாவுக் கூரைச் சாயலுடன் 2002இல் கட்டப்பட்ட பேராலயம். 2019இல் இதற்கு இளம் பசிலிக்கா என்னும் சிறப்பு கிடைத்தது. மலேசியாவில் அச்சிறப்பைப் பெற்ற முதல் ஆலயம் இதுவே.

ஆயினும் வரலாறு தொடங்குவது இங்கன்று, மலைமேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹக்கா சீனக் கத்தோலிக்கர் இம்மலைச் சரிவில் பயிர் செய்து குடியிருந்தனர். அவர்களுக்காக 1846இல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1888இல் கட்டப்பட்ட பழைய கோயில் இன்றும் இருக்கிறது. ஏழை உழவர்களின் வழிபாட்டிடமே பிற்காலத்தில் பல மொழியினரின் திருத்தலமாக வளர்ந்தது.

இங்கே மற்றொரு கப்பல் பயணத்தையும் நினைவுகூர வேண்டும். நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். அது உல்லாசப் பயணமன்று. தொற்றுநோய்க்கு அஞ்சி அவர்களை ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். வேளாங்கண்ணி அன்னையை விட்டுப் பிரிந்து வந்த கத்தோலிக்கத் தமிழருக்கு, அன்னையின் தாய் இம்மலையில் ஆறுதலாக அமைந்தாள். தமிழிலும் இங்கே திருப்பலி நடைபெறுகிறது. மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் கூட்டத்தில் பிற சமயத்தாரும் உண்டு.

இத்தலத்துக்குச் சோதனைக் காலமும் வந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இம்மலைப்பகுதி மக்கள் நடமாடக் கூடாத கறுப்புப் பகுதியாயிற்று. பழைய கோயிலில் வழிபாடு நின்றது. 1957இல் வேறோர் ஆலயம் கட்டப்பட்டது. அவசரகாலம் 1960இல் முடிந்தபின், மக்கள் பழைய இடத்தையும் மறவாமல் தேடி வந்தனர். கட்டடம் பூட்டப்பட்டதால் பக்தி பூட்டப்படவில்லை.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயன் வீடுகள் போயின. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் ஊர் ஊராகச் சிதறினர். அவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் காண ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டுமல்லவா? ஜூலைத் திருநாள் சிலருக்கேனும் அதைத் தருகிறது.

ஆகவே, கப்பலில் வந்து சில மணி நேரமே தங்குவோருக்கும், பேருந்தில் செல்லும் நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். புதிய பேராலயத்தோடு திரும்பிவிடாதீர்கள். 1888ஆம் ஆண்டுக் கோயில்வரை நடந்து செல்லுங்கள். அங்கே சற்று நின்று, உங்களுக்கு முன்னர் கப்பலில் வந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.